வந்த நேரம் சாப்பிடலாம்

1

எனக்கு எண்பத்தொரு வயது. பெற்றது நான்கு பிள்ளைகள். ஒன்று பால்குடியாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டது. மற்ற மூன்றையும் வளர்த்து ஆளாக்கினேன். என் புருசன் கடலில் நின்றவர். கரையில் நின்றது நான்தான். இதை முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்.

படித்தது மூன்றாம் வகுப்பு மட்டும். செபப்புத்தகம் வாசிப்பேன், கடிதம் எழுதுவேன், அவ்வளவுதான். இப்போது இருப்பது கனடாவில், மகள் றோசலின் வீட்டில். போன கிழமை எங்கள் ஊர் குருநகரில் இருந்து, கோயில் பங்கு மலர் செய்கிற பிள்ளைகள் தொலைபேசியில் கதைத்தார்கள்.

“அன்ரன்ரை அம்மா, கப்பல் படம் பாத்தனாங்கள். பிள்ளையள், பேரப்பிள்ளையள் எல்லாரோடையும் ஒரே மேசையிலை இருக்கிறியள். குடுத்துவைச்ச மனுசி. கப்பலிலை சாப்பாடு எப்பிடி நடக்கிறது எண்டு எங்களுக்கு எழுதித் தாங்கோவன்.”

எழுதுகிறேன் என்று சொன்னேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எழுதுகிறேன். பிழை இருந்தால் அந்தப் பிள்ளைகளே திருத்தட்டும், அவர்கள் படித்தவர்கள். படத்தில் நாங்கள் ஒரே மேசையில் இருப்பது உண்மை. அந்தப் படத்தை எடுத்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. ஏன் அவர் எடுத்தார் என்பது படத்தில் தெரியாது.

2

என் எண்பதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். மூத்தவன் அன்ரன் பாரிசில். நடுவில் றோசலின். கடைசி யூட் நோர்வேயில். எனக்கு ஒன்றும் வேண்டாம், மூன்று பேரும் என்னோடு இருந்து ஒருநாள் சாப்பிட்டால் போதும் என்றேன். கேட்டது சின்ன விஷயம் போலத்தான் தெரியும்.

அன்ரனும் யூட்டும் கதைப்பதில்லை. அவர்களுடைய தகப்பன் காலமான நாளில் இருந்து கதைப்பதில்லை. அப்போது அன்ரன் பாரிசில் இருந்து அழுதபடி கதைத்தான். “எணை அம்மா, என்னைக் கண்ட பிறகு பெட்டியை மூடச் சொல்லணை. பிளேன் எடுத்திட்டன்” என்றான். யூட் அப்போது நோர்வேக்குப் போகவில்லை, ஊரில் அவன் ஒருத்தன்தான் எல்லாம் பார்த்தவன். மழை விடாமல் பெய்தது. சவக்காலைக்குப் போகிற ஒழுங்கையில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. இனி வைத்திருக்க முடியாது என்று பெரியவர்களும் சொன்னார்கள். யூட் அடக்கம் செய்துவிட்டான். அன்ரன் அடுத்தநாள் விடிய வந்து ஈர மண்ணைத்தான் பார்த்தான்.

சவக்காலை வாசலில் வைத்து மூத்தவன் கேட்டான். “எனக்காக ஒரு நாள் பொறுக்க உன்னாலை ஏலாமல் போச்சோ?”

சின்னவன் சொன்னான். “இருபது வருசம் பிந்தினவருக்கு ஒரு நாள் என்னத்துக்கு?”

அவ்வளவுதான். அதன் பிறகு ஒருவர் வாயில் மற்றவர் பெயர் வந்ததில்லை. பெட்டியை மூடலாமா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

றோசலின்தான் கப்பல் என்ற யோசனையைக் கொண்டு வந்தாள். இத்தாலியில் ஏறி, நாலைந்து துறை பார்த்து, ஏறின இடத்திலேயே இறங்குவது. யாருடைய வீட்டுக்கும் யாரும் போகத் தேவையில்லை. நான் உடனே ஓம் என்றேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் கடல்தொழிலுக்குப் போகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கரையில் எவ்வளவு பகை இருந்தாலும் வள்ளத்தில் ஏறினால் ஒரே சட்டியில்தான் சாப்பாடு. அடிபிடிப்பட்ட மச்சான்மார் இருவர் என் புருசனுடைய வள்ளத்தில் அப்படிச் சாப்பிட்டு, கரைக்கு வரும்போது ஒருவருக்கொருவர் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். “கடலிலை வேறை கடை இல்லை, அதுதான் கோபமும் இல்லை” என்று அவர் சொல்லுவார்.

கப்பலும் கடலில்தானே நிற்கப்போகிறது என்று நான் நினைத்தேன். கடல்காரன் பெண்சாதியாக இருந்தும் அதுவரை நான் கடலில் ஏறியதில்லை.

3

கப்பலில் இரவுச் சாப்பாடு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுகிறேன்.

இரண்டு வகை இருக்கிறது. முதல் வகையில் உங்களுக்கு ஒரு நேரம், ஒரு மேசை. போகும் நாள் முழுக்க அதே நேரம், அதே மேசை, அதே ஆட்கள். பரிமாறுகிறவரும் மாறமாட்டார். மூன்றாம் நாள் நீங்கள் கேட்காமலே உங்களுக்குத் தேவையான மிளகு வந்துவிடும். இரண்டாவது வகைதான் வந்த நேரம் சாப்பிடுவது. பின்னேரம் ஐந்தரைக்குக் கதவைத் திறந்தால் ஒன்பது மணிக்குப் பிறகுதான் மூடுவார்கள். அதற்குள் எப்போதும் போகலாம், யாரோடும் போகலாம். வாசலில் ஒரு பெண், சிலேட்டு மாதிரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். எத்தனை பேர் என்று கேட்பாள், அறை இலக்கம் கேட்பாள். அன்றைக்கு எந்த மேசை வெறுமையாக இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் இருத்துவார்கள். இடம் இல்லையென்றால் பொறுக்க வேண்டும். இடம் வந்ததும் தொலைபேசிக்குச் செய்தி வரும். வேறு ஆட்களோடு சேர்ந்து இருக்கச் சம்மதமா என்றும் கேட்பார்கள். சம்மதித்தால் பெரிய மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு இருத்துவார்கள். பரிமாறுகிறவர் ஒவ்வொரு நாளும் வேறு. எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, இனிப்புக் குறையுங்கள் என்பதை ஒவ்வொரு நாளும் முதலில் இருந்து சொல்ல வேண்டும். காசு கேட்கமாட்டார்கள், அது முன்னமே கட்டியாகிவிட்டது. ஒரு கறியை இரண்டு தரம் கேட்டாலும் முகம் சுழிக்கமாட்டார்கள்.

கூட்டமாக ஒரே மேசை வேண்டுமென்றால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அதோடு எல்லோரும் ஒன்றாக வாசலுக்கு வந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஆள் குறைந்தால் மேசை தரமாட்டார்கள்.

றோசலின் எடுத்திருந்தது இந்த இரண்டாவது வகை. அவளுடைய புருசனுக்கு வேலையில் விடுப்பு இல்லை. அதனால் எங்கள் பக்கம் நானும் அவளும் பேத்தி அனிஷாவும். முதல்நாள் பின்னேரம் வாசலில் நின்ற பெண் எங்களை நாலுபேர் மேசையில் இருத்தினாள். பக்கத்தில் எட்டுப்பேருக்கு ஒரு மேசை வெறுமையாக இருந்தது. நான் எழும்பிப் போய், முகம் துடைக்கிற என் கைலேஞ்சியை ஒரு கதிரையில் போட்டேன். சால்வையை இன்னொன்றில். அனிஷாவின் குளிர்ச்சட்டையை மூன்றாவதில். கைப்பையை நாலாவதில்.

“அம்மா, என்ன செய்யிறியள்?” என்று றோசலின் பதறினாள்.

“இடம் பிடிக்கிறன். அண்ணையும் தம்பியும் வந்தால் எங்கை இருக்கிறது?”

“இது மானிப்பாய் பஸ் இல்லை அம்மா.”

“பஸ்ஸிலை எண்டாலும் பிந்தி வாறவன் நிண்டுகொண்டு போவான். சாப்பாட்டிலை நிக்க வைக்கிறதோ?”

பரிமாறுகிற பிலிப்பைன்சுப் பையன் ஒருவன் வந்தான். கைலேஞ்சியை நாலாக மடித்து, சால்வையை மடித்து, எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, பலகாரம் கொண்டு வருவது போல என் முன்னால் கொண்டுவந்து வைத்தான். அனிஷா சிரித்த சிரிப்பில் மூக்கால் தண்ணீர் வந்தது. அந்த எட்டுப்பேர் மேசையில் கொஞ்ச நேரத்தில் வேறு யாரோ வந்து இருந்தார்கள்.

4

பிள்ளைகள் எந்த நாட்டுக்குப் போகிறார்களோ அந்த நாடு முதலில் வயிற்றைத்தான் பிடிக்கிறது. அன்ரனுக்கு எட்டரை மணிக்கு முன் பசிக்காது. பாரிசில் அப்படித்தானாம். யூட்டுக்கு ஐந்தரைக்கே மேசையில் இருக்க வேண்டும். நோர்வேயில் பின்னேரத்தோடு சாப்பாட்டை முடித்துவிடுவார்களாம். அவனுடைய மகளுக்கு ஆறு வயது, அவளுக்கும் நேரத்துக்குப் படுக்கை.

இரண்டாம் நாள் தொடங்கி நான் இரண்டு தரம் சாப்பிட்டேன். ஐந்தரைக்கு யூட்டோடு போய் சூப்புக் குடித்து, கோழி சாப்பிட்டு, அவன் குடும்பம் எழும்பியதும் அறைக்குப் போய்ச் செபமாலை சொன்னேன். எட்டரைக்கு அன்ரனோடும் மருமகளோடும் திரும்பப் போனேன். வாசலில் நின்ற பெண் சிலேட்டைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், சிரித்துவிட்டு உள்ளே விடுவாள். இந்தக் கிழவிக்கு நல்ல வயிறு என்று நினைத்திருப்பாள்.

“என்னணை, தட்டிலை கொறிக்கிறாய்? மீன் பிடிக்கேல்லையோ?” என்றான் அன்ரன் ஒருநாள். அவன் பத்தொன்பது வயதில் ஊரை விட்டுப் போனவன். அதனால் அவன் கதைக்கிற விதம் அந்த நாளில் நின்றபடி நிற்கிறது. மற்ற இருவரும் என்னை வாங்கோ போங்கோ என்கிறபோது அவன் மட்டும் இன்னும் ‘எணை’ என்கிறான்.

“இதென்ன மீனடா? அறக்குளாவும் இல்லை, பாரையும் இல்லை. முள்ளும் இல்லை, முகமும் இல்லை. மீன் எண்டு எப்பிடி நம்பிறது?”

அவன் சிரித்தான். தகப்பனின் சிரிப்பு. மூன்று மணித்தியாலத்துக்கு முன் யூட்டும் இதே மீனைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டு இதே சிரிப்பைச் சிரித்தான். அதை நான் இவனிடம் சொல்லவில்லை. நான் ஏற்கெனவே சாப்பிட்டு வந்தேன் என்பது அன்ரனுக்குத் தெரியும். யாரோடு என்று அவன் கேட்கவில்லை. யூட்டும், பிறகு யாரோடு சாப்பிடப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் நல்ல ஒற்றுமை.

கடலில் வேறு கடை இல்லை என்று அவர் சொன்னது வள்ளத்துக்குச் சரி. இந்தக் கப்பலில் கடைக்குக் குறைவில்லை.

5

நாலாம் நாள் நான் றோசலினைப் பிடித்துக்கொண்டேன்.

“உந்த ரெலிபோனிலை அமத்தி, எங்களுக்கு மற்ற வகையை எடு. ஒரே நேரம், ஒரே மேசை. கப்பல்காரரிட்டைக் கேட்டால் மாத்தித் தருவினம்.”

“மாத்தலாம் அம்மா” என்றாள். பிறகு கட்டிலில் என் பக்கத்தில் வந்து இருந்தாள். “மாத்தினால் ரெண்டு பேரும் வரமாட்டினம். ஏறமுதலே ரெண்டு பேரும் என்னட்டைக் கேட்டவை, எந்த வகை எண்டு. வந்த நேரம் சாப்பிடலாம் எண்டபடியாலைதான் வந்தவை. அப்பிடி எண்டால்தான் வாறம் எண்டு சொன்னவை.”

“ரெண்டு பேருமோ?”

“ஓம். சொல்லிவைச்ச மாதிரி.”

“நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் நீங்கள் ஏறியிருக்கமாட்டியள். உங்களுக்கு ஒருக்கால் அவையைக் காட்டவேணும் எண்டு நினைச்சன். ஒண்டாக் காட்ட ஏலாது. தனித்தனியா எண்டாலும் பாருங்கோ எண்டுதான்.”

அவளோடு கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. அவள் தன் வேலைகளுக்கு நடுவில் எத்தனை தொலைபேசி எடுத்து இந்த இருவரையும் கடலுக்குக் கொண்டுவந்திருப்பாள். நான் யன்னலால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒன்று யோசித்தேன். எங்கள் வீட்டில் எப்போது எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம்? அவர் பொழுதுபட வள்ளம் தள்ளினால் விடியத்தான் வருவார். வந்து சாப்பிட்டுப் படுப்பார். பள்ளிக்கூடம் போகிறவர்கள் அதற்கு முன் சாப்பிட்டுப் போய்விடுவார்கள். ஊரடங்கு வந்தால் ஒருத்தன் மாமி வீட்டில் நின்றுவிடுவான். சட்டியை மூடி அடுப்பங்கரையில் வைத்திருப்பேன். வந்தவர் வந்த நேரம் போட்டுச் சாப்பிட்டார்கள். நான் வாசலில் நின்று, யார் வந்தது யார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிலேட்டு மட்டும்தான் இல்லை.

அன்ரன் வெளிநாடு போகும்போது யூட்டுக்கு நாலு வயது. வளர்ந்த ஆண்களாக அவர்கள் இருவரும் ஒரு சோற்றை முன்னால் வைத்து ஒருநாளும் இருந்ததில்லை. இல்லாத ஒன்றைத் திரும்பத் தா என்று பிள்ளைகளிடம் நான் கேட்டிருக்கிறேன். என்றாலும் அந்த ஆசை போகவில்லை.

6

கடைசிப் பின்னேரம். அடுத்தநாள் விடிய இறங்குவதால் பெட்டிகளை இரவே கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். அதனால் கப்பலில் இருந்த சனம் எல்லாம் நேரத்தோடு சாப்பிட வந்துவிட்டது. வாசலில் இருந்து படிவரைக்கும் வரிசை. நானும் றோசலினும் அனிஷாவும் நின்றோம். எங்கள் முறை வந்ததும் அந்தப் பெண் கேட்டாள், மற்றவர்களோடு சேர்ந்து இருக்கச் சம்மதமா என்று. றோசலின் யோசித்தாள். எனக்குக் கால் உளைந்தது. நானே தலையாட்டினேன்.

நடுவில் பத்துப்பேர் இருக்கிற வட்ட மேசை. ஏற்கெனவே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இருந்தார்கள், என் வயது இருக்கும். நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் யூட்டையும் மனைவியையும் சின்னப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவனுக்கும் சந்தோசம். “நல்லாப் போச்சு, அம்மாவோடை” என்று இருந்தான். அவனுடைய மகளுக்குப் பக்கத்தில் இரண்டு கதிரை மிச்சம்.

கைலேஞ்சி என் கையில் இருந்தது. போடவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குடும்பம் ஒரு குடும்பம் என்று கப்பலுக்குத் தெரியாது. அவரவர் அவரவர் நாட்டில் இருந்து தனித்தனியாகப் பதிந்தவர்கள். யூட்டின் கப்பல் அட்டையில் தகப்பன் பெயர், சவிரிமுத்து என்று, கடைசியில் இருக்கிறது. பிரான்சில் பதிந்த உத்தியோகத்தர் அன்ரனுக்கு அதை முன்பின்னாக மாற்றிப் பதிந்துவிட்டார். அன்று முதல் அவனுக்கு அன்ரன்தான் குடும்பப் பெயர். எத்தனையோ அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கியும் திருத்த முடியவில்லை. றோசலினுக்குப் புருசன் பெயர். வாசலில் நின்ற பெண்ணின் சிலேட்டில் நாங்கள் ஒருவருக்கொருவர் யாரோ.

அன்ரனும் மற்றவர்களோடு இருக்கச் சம்மதம் என்று சொல்லியிருக்க வேண்டும், அதனால்தான் அவள் அவனையும் மருமகளையும் அந்த இரண்டு கதிரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அன்ரன் மேசைக்குக் கிட்ட வந்த பிறகுதான் கண்டான். நின்றான். மருமகள் அதற்குள் இருந்துவிட்டாள். பரிமாறுகிறவன் கதிரையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பின்னால் ஆட்கள். நான் அன்ரனைப் பார்க்கவில்லை. மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. இருந்துவிட்டான். அவனுக்கும் யூட்டுக்கும் நடுவில் யூட்டின் மகள்.

நான் சிலுவை போட்டேன். சாப்பாட்டுச் செபத்தை மெதுவாகச் சொன்னேன். எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். செபம் முடிந்த பிறகும் அந்த இருவரும் தலையை நிமிர்த்தவில்லை.

பாண் கூடை சுற்றி வந்தது. பிள்ளைக்கு எட்டவில்லை. அன்ரன் ஒரு துண்டு எடுத்து, வெண்ணெய் பூசி, அவளுடைய தட்டில் வைத்தான். அவள் நோர்வே மொழியில் நன்றி சொன்னாள். அந்த மனிதர் தன் பெரியப்பா என்று அவளுக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. யூட் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது அந்த வெள்ளைக்காரப் பெண்மணி எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, சிரித்த முகமாகக் கேட்டார், நீங்கள் எல்லோரும் ஒரே குடும்பமா என்று. அவ்வளவு இங்கிலிஷ் எனக்கும் விளங்கும்.

றோசலின் வாயைத் திறந்தாள். அவளுக்கு முன் அன்ரன் பதில் சொன்னான். “ஒரே ஊர்” என்று இங்கிலிஷில் சொன்னான்.

அவர் யூட்டின் பக்கம் திரும்பினார். யூட் தமையனின் முகத்தை நேராகப் பார்த்தான். சவக்காலை வாசலுக்குப் பிறகு அன்றைக்குத்தான். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு, “ஓம், ஒரே ஊர்” என்று அவனும் இங்கிலிஷில் சொன்னான்.

அந்தப் பெண்மணிக்கு ஆச்சரியம். இவ்வளவு பெரிய கப்பலில், இவ்வளவு தூரத்தில், ஒரே ஊர் ஆட்கள் ஒரே மேசையில் வந்து இருந்திருக்கிறீர்களே, இது எவ்வளவு அருமை, நான் உங்களை ஒரு படம் எடுக்கிறேன் என்று எழும்பினார். றோசலினின் தொலைபேசியை வாங்கி எடுத்தார். கிட்டக் கிட்ட வாருங்கள் என்று கையைக் காட்டினார். எல்லோரும் கொஞ்சம் கிட்ட வந்தார்கள்.

நீங்கள் பார்த்த படம் அதுதான்.

அதன் பிறகு ஒருவரும் எழும்பிப் போகவில்லை. இனிப்பு வரைக்கும் இருந்தார்கள். அந்த இருவரும் ஒருவரோடொருவர் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. என்னோடு கதைத்தார்கள், வெள்ளைக்காரரோடு கதைத்தார்கள். அன்றைக்கு நான் ஒருதரம்தான் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

7

அந்த நேரம் அது எனக்கு நெஞ்சில் இரும்பால் குத்தினது போல இருந்தது. என் வயிற்றில் பிறந்தவர்கள், என் முன்னால் இருந்து, ஒரே ஊர் என்கிறார்கள். அறைக்கு வந்து செபமாலையைக் கையில் எடுத்தேன், சொல்ல வரவில்லை. பிறகு இந்த ஒரு வருடமாக அதைத் திருப்பித் திருப்பி யோசிக்கிறேன். அன்ரன் பொய் சொன்னான் என்றும் சொல்ல முடியாது. ஒருத்தன் போகும்போது மற்றவன் குழந்தை. ஒரே தகப்பன், ஆனால் அவன் கண்ட தகப்பன் வேறு, இவன் அடக்கம் செய்த தகப்பன் வேறு. இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது அந்த ஊர் ஒன்றுதான். இல்லை என்று சொல்லாமல் ஓம் என்று சொன்னானே சின்னவன், அதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். அதில் பிடிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நேற்று றோசலின் வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

“அம்மா, இந்த வருசமும் போவமோ எண்டு ரெண்டு பேரும் கேக்கினம்.”

“ரெண்டு பேருமோ?”

“ஓம். தனித்தனியாத்தான் கேட்டவை. போன முறை மாதிரியே எண்டால் வருவினமாம். வந்த நேரம் சாப்பிடுறது.”

எனக்கு முழங்கால் முன்போல இல்லை. மற்ற வகையை எடு என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் கதை முடிந்துவிடும் என்று தெரியும். எண்பத்தொரு வயதில் ஒரு தாய்க்குப் பிள்ளைகளிடம் சொல்லக்கூடியது கொஞ்சம்தான்.

“அதையே எடு” என்றேன். “ஆனால் வாசலிலை நிக்கிற பிள்ளை, மற்ற ஆக்களோடை இருப்பியளோ எண்டு கேட்டால் ஒவ்வொரு நாளும் ஓம் எண்டு சொல்லவேணும். எல்லாரும் சொல்லவேணும்.”

“எல்லாரும் எண்டால்?”

“அண்ணைக்கும் சொல்லு, தம்பிக்கும் சொல்லு. அம்மா கேட்டவ எண்டு சொல்லு.”

அவள் எழும்பினாள். தொலைபேசியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். முதலில் யாருக்கு எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. இன்னும் பதில் வரவில்லை.

அனிஷா, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்துதானே வந்திருக்கிறாய். இதைப் பிடி. அம்மம்மாவின் எழுத்து அம்மம்மாவின் கண்ணுக்கே தெரியவில்லை. முதலில் இருந்து எனக்கு வாசித்துக் காட்டு. அவசரப்படாமல் வாசி. பெரிய மாமா ‘ஒரே ஊர்’ என்று சொல்லுகிற இடம் வரும். அங்கே நின்று என் முகத்தைப் பார்க்காதே. சின்ன மாமா ஓம் சொல்லுகிற வரைக்கும் வாசி.